மேப்பில் என் பட்டறை தென்னந்தோப்புக்குள் நிற்கிறது

பொள்ளாச்சியிலிருந்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதம், சுருக்கமாக:

"வணக்கம்ங்க. உடுமலை ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் (கருகிய செம்புக் கம்பியை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றும்) பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்தது. முன்பு டவுனுக்குள் ஒரு சந்தில் இருந்தோம், 2022-இல் ரோட்டு மேலே வந்துவிட்டோம். பழைய இடத்தில் இருந்தபோது அண்ணன் மகன் கூகுளில் கடையைப் போட்டுக் கொடுத்தான். அவன் இப்போது துபாயில். இன்னமும் சிலர் மேப்பைப் பார்த்துப் பழைய சந்துக்குப் போய் நின்றுகொண்டு போன் போடுகிறார்கள். புது இடத்துக்கும் யாரோ கூகுளில் ஒரு லிஸ்டிங் (கடை விவரப் பதிவு) போட்டிருக்கிறார்கள். அதில் ஹார்டுவேர் கடை என்று இருக்கிறது, மேப்பில் பார்த்தால் பட்டறை பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் நிற்கிறது. 'பக்கத்தில் மோட்டார் ரிப்பேர்' என்று தேடினால் போன வருடம் திறந்த கடை முதலில் வருகிறது. அவர்கள் கடைப் பெயரோடு 'பொள்ளாச்சி பெஸ்ட் மோட்டார் ரீவைண்டிங்' என்றும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். நாங்களும் அப்படிப் போடலாமா? மோனோபிளாக் மோட்டார் ஒன்றை, காயிலில் பூசிய வார்னிஷ் காயாமல் தரக்கூடாது என்று ஒரு நாள் கூடுதலாக வைத்ததற்கு ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். இதற்கிடையில் கூகுளிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒரு பெண் ₹12,000 கட்டினால் முதல் இடம் தருகிறேன் என்கிறார். கட்டலாமா? ஆனைமலையில் மருமகன் வீட்டு அட்ரஸில் இன்னொரு லிஸ்டிங் போட்டால் அந்தப் பக்கத்து ஆட்களும் வருவார்களா?"

அண்ணா, முதலில் பணத்தைப் பையிலேயே வையுங்கள். மேப்பில் வரும் கடை வரிசையில் மேலே ஏற கூகுள் காசு வாங்குவதில்லை. அப்படிக் கேட்கவோ கட்டவோ வழியே கிடையாது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 'ஸ்பான்சர்டு' என்று போட்டுவரும் விளம்பரம் வேறு, அது ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு. லிஸ்டிங் இலவசம், அதன் வரிசை விற்பனைக்கு இல்லை. அந்தப் பெண் அடுத்த முறை கூப்பிட்டு "ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க சார்" என்றால் போனை வைத்துவிடுங்கள். ₹12,000 போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். அந்த எண்ணைச் சொன்னால் உங்கள் லிஸ்டிங்கே அடுத்தவர் கைக்குப் போய்விடக்கூடும், அதைத் திரும்ப வாங்குவதற்குள் ஒரு சீசன் ஓடிவிடும்.

சரி, வரிசை எப்படி அமைகிறது? கூகுள் சொல்வது மூன்று விஷயம். தேடியதற்கும் கடைக்கும் எவ்வளவு பொருத்தம், தேடுகிற ஆளிடமிருந்து கடை எவ்வளவு தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது. தூரத்தை நீங்களும் நானும் மாற்ற முடியாது. பெயர் எடுப்பது மெல்ல நடக்கும். பொருத்தம் மட்டும்தான் இன்று சாயங்காலமே உங்கள் கையால் சரிசெய்யக்கூடியது, அதில்தான் உங்கள் லிஸ்டிங் மோசமாக இருக்கிறது. மோட்டார் பட்டறையை ஹார்டுவேர் கடை என்று சொல்லிவிட்டு, மோட்டார் ரிப்பேர் தேடுகிறவருக்கு நம்மைக் காட்டவில்லையே என்று கூகுளைக் குறை சொல்லி என்ன பயன்?

இன்னொன்று. உங்கள் போனில், பட்டறையில் உட்கார்ந்து தேடிப் பார்ப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மேப்போடு மேலே வருவது மூன்று கடைகள்தான். அந்த மூன்றும் தேடுகிறவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும். நெகமத்தில் தெரிவது கோட்டூரில் தெரியாது. நாலு திசையில் இருக்கும் பழக்கமான விவசாயிகளிடம், அவரவர் தோட்டத்தில் நின்று தேடி ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள். அதுதான் உண்மை நிலவரம்.

இப்போது வேலைக்கு வருவோம். உங்களுக்கு இரண்டு லிஸ்டிங் இருக்கின்றன. பழைய சந்து அட்ரஸில் இருப்பதில் ரிவ்யூக்களும் உங்கள் போன் நம்பரும் இருக்கின்றன. புதியதில் ஒன்றும் இல்லை. நிறையப் பேர் இந்த இடத்தில் பழையதை 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று குறித்துவிட்டுப் புதியதில் ஆரம்பிப்பார்கள். அதைச் செய்யாதீர்கள். கடை மூடவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. பழைய லிஸ்டிங்கிலேயே அட்ரஸை மாற்றினால் போதும், வருடக்கணக்காகச் சேர்ந்த ரிவ்யூக்கள் கூடவே வரும். அது முடிந்த பிறகு தோப்புக்குள் நிற்கும் லிஸ்டிங்கை மேப்பில் திறந்து, திருத்தம் சொல்லும் இடத்தில் 'இது இன்னொன்றின் நகல்' என்று தெரிவியுங்கள்.

அதற்கு முன்னால் சாவி வேண்டும். பழைய லிஸ்டிங் அண்ணன் மகனுடைய ஜிமெயிலில் இருக்கிறது. அவர் துபாயிலிருந்தே உங்கள் ஜிமெயிலை உரிமையாளராகச் சேர்க்கலாம், இரண்டு நிமிட வேலை. சேர்ந்து ஏழு நாள் கழிந்த பிறகு முதன்மை உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு அந்த ஏழு நாள் காத்திருப்பு உண்டு. அவருக்கு அந்த ஜிமெயிலின் பாஸ்வேர்டே மறந்துபோயிருந்தால், லிஸ்டிங்கில் உரிமை கேட்டு விண்ணப்பம் போடலாம். இப்போதைய உரிமையாளர் பதில் சொல்ல மூன்று நாள் தருவார்கள். பதில் இல்லையென்றால், இது உங்கள் கடைதான் என்று நிரூபித்து எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு பெரும்பாலும் திறக்கும். பிற்பாடு யாரையாவது வைத்து இதைப் பார்த்துக்கொண்டாலும் அவர்களுக்கு மேனேஜர் அனுமதி மட்டும் கொடுங்கள். உரிமை உங்கள் ஜிமெயிலை விட்டுப் போகவே கூடாது.

அட்ரஸ் மாறினால் கூகுள் மறுபடி சரிபார்க்கச் சொல்லலாம், இப்போதெல்லாம் பெரும்பாலும் வீடியோவாகக் கேட்கிறார்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். வெட்டி ஒட்டாத, ஒரே ஓட்டமாக எடுத்த வீடியோவாக இருக்க வேண்டும், அரை நிமிடத்துக்குக் குறையக்கூடாது. பட்டறை பூட்டியிருக்கும்போது ஆரம்பியுங்கள். ரோட்டில் நின்று கிலோமீட்டர் கல்லையோ பக்கத்துக் கடை போர்டையோ காட்டுங்கள். அப்படியே திரும்பி உங்கள் போர்டு, எழுத்து படிக்கிற மாதிரி. பிறகு ஷட்டர் பூட்டை நீங்களே திறக்க வேண்டும். இடத்தை நடத்துகிற ஆள் நீங்கள்தான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. உள்ளே போய் வைண்டிங் மெஷின், கழற்றிப் போட்ட ஸ்டேட்டர், செம்புக் கம்பிச் சுருள், டெஸ்டிங் போர்டு, கடைசியாகக் கடைப் பெயர் அச்சடித்த பில் புக். முகங்கள், பேங்க் விவரம், ஆதார் எதுவும் படத்தில் வேண்டாம். பேச வேண்டிய அவசியமில்லை. போர்டில் ஒரு பெயர், லிஸ்டிங்கில் ஒரு பெயர் என்று இருந்தால் தள்ளிவிடுவார்கள், அதை முதலிலேயே ஒத்துப் பாருங்கள்.

அட்ரஸ் எழுதும்போது மேப்பில் இடத்தைக் காட்டும் குறியான பின்னை விரலால் நகர்த்தி, பட்டறை வாசலில், ரோட்டுப் பக்கமாக வையுங்கள். சாட்டிலைட் படத்துக்கு மாற்றிவிட்டுச் செய்தால் உங்கள் தகரக் கூரையே தெரியும். நம் ஊர் ரோடுகளில் கதவு எண்ணை நம்பி யாரும் வருவதில்லை. பின் கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் மோட்டார் ஏற்றிய டெம்போ தோப்பு வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுவிடும்.

அடுத்தது வகை. இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள், மற்ற எல்லாவற்றையும்விட இது பெரிது. ஒரு முதன்மை வகையும், கூடுதலாக ஒன்பது வரைக்கும் வைக்கலாம். முதன்மை வகைக்குத்தான் கனம் அதிகம். செட்டிங் இங்கிலீஷில் இருந்தால் 'எலக்ட்ரிக் மோட்டார் ரிப்பேர் ஷாப்' என்று ஒன்று வரும், உங்களுக்கு அதுதான் முதன்மை. புது பம்ப்செட் விற்கிறீர்கள் என்றால் 'வாட்டர் பம்ப் சப்ளையர்' என்பதையும் சேருங்கள். ஒன்பது இடம் இருக்கிறதே என்று ஒன்பதையும் நிரப்ப வேண்டாம். 'எலக்ட்ரீஷியன்' என்று போட்டால் ஃபேன் மாட்ட வாருங்கள் என்று ராத்திரி போன் வரும், உங்களுக்கு அது வேண்டாத தொல்லை. 'ஹார்டுவேர் கடை' கண்டிப்பாக வேண்டாம். ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: இந்த வகையைத் தேடி ஒருவர் வாசலில் வந்து நின்றால் அவருக்கு வேலை செய்து அனுப்புவேனா?

வகைக்குக் கீழே சேவைகள் என்று ஒரு பகுதி. பொள்ளாச்சி விவசாயி என்ன சொல்லித் தேடுகிறாரோ அதை அப்படியே அங்கே எழுதுங்கள். "சப்மெர்சிபிள் மோட்டார் காயில் கட்டுதல்", "ஓபன்வெல் மோட்டார் ரிப்பேர்", "மோனோபிளாக் பேரிங், சீல் மாற்றுதல்", "போரிலிருந்து மோட்டார் தூக்கி இறக்குதல்", "ஸ்டார்ட்டர், பேனல் போர்டு சர்வீஸ்". தமிழிலும் எழுதுங்கள், இங்கிலீஷிலும் எழுதுங்கள். இப்போது நிறையப் பேர் மைக்கை அழுத்தித் தமிழில் பேசியே தேடுகிறார்கள். மகன் தேடினால் இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவான், அப்பா தேடினால் "காயில் கட்டுற கடை" என்பார். இருவருமே உங்கள் வாடிக்கையாளர்தான். கூலியும் எழுதலாம். காயில் கூலி ஹெச்பிக்கு ஹெச்பி மாறும், செம்பு விலையும் ஒரு நிலையில் நிற்காது, அதனால் ஆரம்ப விலை மட்டும் போடுவது உங்களுக்குப் பாதுகாப்பு.

கடையைப் பற்றிய விளக்கத்துக்கு 750 எழுத்துகள் வரை இடம் உண்டு. வரிசையில் தூக்கிவிடும் என்று அதில் ஊர்ப் பெயர்களாக அடுக்காதீர்கள், தூக்காது. படிப்பவர் போன் பண்ணலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவினால் போதும். என்ன மோட்டார் எடுப்பீர்கள், எத்தனை நாளில் தருவீர்கள், தோட்டத்துக்கு வந்து தூக்குவீர்களா, ரிப்பேர் முடியும்வரை ஓட்ட மாற்று மோட்டார் உண்டா. உண்டு என்றால் அதை முதல் வரியில் வையுங்கள். ஏப்ரலில் மோட்டார் கருகி நிற்பவருக்கு உங்கள் அப்பா எந்த வருடம் பட்டறை ஆரம்பித்தார் என்பது முக்கியமில்லை, நாளைக்குத் தென்னைக்குத் தண்ணீர் போகுமா என்பதுதான்.

பெயர் விஷயம். அந்தக் கடைக்காரர் செய்திருப்பது விதிப்படி தப்பு. போர்டில் உள்ள பெயர்தான் லிஸ்டிங்கில் இருக்க வேண்டும், ஊரையும் தொழிலையும் 'பெஸ்ட்'டையும் ஒட்டக்கூடாது. ஒட்டினால் பலன் கொஞ்சம் கிடைக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் லிஸ்டிங்கை முடக்கினார்கள் என்றால் அப்பீல் போட்டுக் காத்திருக்க வேண்டும், அது உங்கள் மார்ச்–மே சீசனில் நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் போடாதீர்கள். அவருடையதை வேண்டுமானால் அவர் போர்டின் படத்தோடு, பெயர் திருத்தமாகத் தெரிவிக்கலாம். எல்லா முறையும் ஏற்பார்கள் என்றில்லை. அதற்காக அவர் லிஸ்டிங்கையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டும் இருக்காதீர்கள்.

நேரம். லிஸ்டிங்கில் காலை 10 மணி என்று இருக்கிறது, நீங்கள் 7 மணிக்கே திறப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று மணி நேரம் கடை மூடியிருப்பதாக நீங்களே ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், அதுவும் விவசாயி தோட்டத்துக்குப் போய் மோட்டார் ஓடவில்லை என்று கண்டுபிடிக்கும் அதே நேரத்தில். தேடும் நேரத்தில் கடை திறந்திருக்கிறதா என்பதும் வரிசையைத் தொடுகிறது என்று 2023 கடைசியில் கூகுள் தரப்பிலேயே உறுதி செய்தார்கள். அதைக் கேட்டு 24 மணி நேரமும் திறந்திருப்பதாகப் போட்டவர்கள் உண்டு. ராத்திரி வந்து பூட்டைப் பார்த்தவர் எழுதும் ரிவ்யூ வருடக்கணக்கில் நிற்கும். உண்மையான நேரத்தைப் போடுங்கள். பொங்கல், ஆயுத பூஜை லீவுக்குத் தனியாகச் சிறப்பு நேரம் என்று ஒரு இடம் இருக்கிறது, அதையும் மறக்காதீர்கள்.

அந்த ஒற்றை நட்சத்திரம். அழிக்க முயலாதீர்கள், அவர் உண்மையான வாடிக்கையாளர், அழியாது. பதில் எழுதுங்கள். அது அவருக்காக மட்டும் இல்லை, அதற்குப் பிறகு படிக்கப் போகிற எல்லோருக்காகவும். நீங்கள் எனக்கு எழுதிய காரணத்தையே வைத்து இப்படி எழுதலாம்: "வணக்கம்ங்க. சொன்ன நாளில் மோட்டாரைத் தரவில்லை என்பது உண்மை. வார்னிஷ் நன்றாகக் காயாமல் ஓட்டினால் காயில் மறுபடி போய்விடும், அதனால்தான் ஒரு நாள் கூடுதலாக வைத்தோம். அதை அன்றைக்கே போனில் சொல்லியிருக்க வேண்டும். மோட்டார் இப்போது எப்படி ஓடுகிறது? ஏதாவது இருந்தால் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள், பார்த்துத் தருகிறோம்." அவ்வளவுதான். படிக்கிற விவசாயிக்கு 'இவன் வார்னிஷ் காயாமல் தரமாட்டான்' என்று தெரிந்துவிடும். நூறு ரூபாய்க்கு அச்சடித்த நோட்டீஸ் சொல்லாத விஷயம் அது.

நல்ல ரிவ்யூ வேண்டுமென்றால் கேளுங்கள், கேட்டால்தான் எழுதுவார்கள். லிஸ்டிங்கிலேயே ரிவ்யூ லிங்க்கும் க்யூஆர் கோடும் கிடைக்கும். பில் போடும் மேஜையில் ஒட்டிவிடுங்கள். ஆனால் கேட்பதற்கு நல்ல நேரம் பட்டறை இல்லை. மோட்டாரை இறக்கி, சுவிட்சைப் போட்டு, குழாயில் தண்ணீர் வந்து விழும் அந்த நேரம். உங்கள் பையன் அங்கேயே வாட்ஸ்அப்பில் லிங்க்கை அனுப்பிவிட்டு, "எப்படி இருந்ததுன்னு எழுதுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வரட்டும். ரிவ்யூ எழுதினால் கூலியில் குறைக்கிறேன் என்று சொல்லக்கூடாது, விதி அதை அனுமதிப்பதில்லை. சிரித்த முகமாகப் போனவரிடம் மட்டும் கேட்டு, முறைத்தவரை விட்டுவிடுவதும் கூடாது. மச்சான், மாமன், பங்காளி என்று ஒரே ராத்திரியில் இருபது பேர் ஐந்து நட்சத்திரம் போட்டால் கூகுள் கண்டுபிடிக்கிறதோ இல்லையோ, பொள்ளாச்சி கண்டுபிடித்துவிடும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்றே 2022-இல் ஐஎஸ் 19000 என்று ஒரு தரநிலை வெளியிட்டது. போலி ரிவ்யூ அந்த அளவுக்குப் பெரிய தொல்லையாகிவிட்டது.

போட்டோ அதிகம் பேச வேண்டியதில்லை. ரோட்டிலிருந்து போர்டு தெரிகிற ஒரு படம், கருகிய காயிலும் புதுக் காயிலும் பக்கத்தில் பக்கத்தில், தோட்டத்தில் மோட்டார் தூக்கும் படம். நெட்டிலிருந்து எடுத்த பளபளப்பான பம்ப் படம் வேண்டவே வேண்டாம்.

பில் புக்கில் அச்சடித்திருக்கும் வெப்சைட் முகவரி திறக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கூகுள் இலவசமாகக் கொடுத்த அந்த ஒற்றைப் பக்க வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள், உங்கள் தவறு ஒன்றுமில்லை. உங்கள் தொழிலுக்கு வெப்சைட் அவசரமும் இல்லை. ஜஸ்ட்டயல், ஃபேஸ்புக் என்று வேறு இடங்களில் பழைய அட்ரஸும் பழைய லேண்ட்லைன் நம்பரும் கிடந்தால் அவற்றை மாற்றுவது அதைவிட முக்கியம். பெயர், அட்ரஸ், நம்பர் எங்கே பார்த்தாலும் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? லிஸ்டிங்கில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற இடத்தில் எத்தனை பேர் போன் பட்டனை அழுத்தினார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள், எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினார்கள் என்று மாதவாரியாக வரும். போன் எண்ணிக்கையையும் வழி கேட்டவர்களையும் மட்டும் பாருங்கள், 'பார்வைகள்' என்கிற பெரிய எண் மனசுக்கு இதம், கல்லாவுக்கு ஒன்றுமில்லை. ஜூன் மாதத்தை மே மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். மழை இறங்கினால் மோட்டார் ஓட்டம் குறையும், எரிவதும் குறையும். இந்த வருட மே மாதத்தைப் போன வருட மே மாதத்தோடு வையுங்கள். தேடிய சொற்களின் பட்டியலில் நீங்கள் செய்கிற, ஆனால் எழுத மறந்த வேலை ஏதாவது கண்ணில் பட்டால் அன்றைக்கே சேவைகளில் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக ஆனைமலை. மருமகன் வீட்டு அட்ரஸில் போடாதீர்கள். அங்கே போர்டு இல்லை, பட்டறை இல்லை, வந்தால் கவனிக்க ஆளும் இல்லை. விதிப்படி அது இல்லாத கடை, அது மாட்டினால் இருக்கிற கடைக்கும் சேர்த்துத் தொந்தரவு வரலாம். அதற்குப் பதிலாக உங்கள் ஒரே லிஸ்டிங்கில் பட்டறை அட்ரஸையும் வைத்துக்கொண்டு, போய் வேலை செய்யும் ஊர்களையும் சேர்க்கலாம். இருபது வரை போடலாம், சுமார் இரண்டு மணி நேர ஓட்டத்துக்குள் இருக்க வேண்டும். ஆனைமலை, கோட்டூர், நெகமம், கிணத்துக்கடவு எல்லாம் தாராளமாக அடங்கும். ஊர்களைச் சேர்த்ததாலேயே அங்கே முதலில் வந்துவிட மாட்டீர்கள், என் அனுபவத்தில் தூரக் கணக்கு பட்டறை அட்ரஸிலிருந்துதான் ஓடுகிறது. ஆனால் ஆனைமலையிலிருந்து உங்களைப் பார்ப்பவருக்கு இவர்கள் நம் ஊருக்கும் வருவார்கள் என்று தெரியும். மருமகன் நிஜமாகவே அங்கே ஒரு ஷட்டர் எடுத்து, போர்டு மாட்டி, மோட்டார் வாங்கி வைத்து அனுப்ப ஓர் ஆளை உட்கார வைத்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது தாராளமாக இரண்டாவது லிஸ்டிங் போடலாம்.